பந்துக்கு இல்லாத தீட்டு: பல்வங்கர் பாலுவின் ஆட்டமும் அரசியலும்

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களுக்கு வழக்குப் பணிக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் செல்லும்போதெல்லாம் நம் கண்ணில் முதலில் படுவது கிரிக்கெட்தான். அறுவடை முடிந்த கழனி, கோடையில் வற்றிய ஏரியின் ஓரம், பள்ளிக்கூடத் திடல் என எங்கு சமதரை கிடைத்தாலும் மூன்று குச்சிகளை நட்டுவிடுகிறார்கள். நாம் பார்த்த ஊர்கள் பலவற்றில் இரண்டு அணிகள் உண்டு. ஊர் அணி ஒன்று, காலனி அணி ஒன்று. யாரும் அப்படிப் பெயர் எழுதி வைப்பதில்லை. பனியனில் அச்சடித்திருக்கும் பெயரைப் பார்த்தாலே எந்தத் தெரு என்பது விளங்கிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் ஒரு ஊர் அணி, பக்கத்து ஊர்களுடனான போட்டிக்குக் காலனி இளைஞர் ஒருவரைப் பந்துவீச அழைத்துச் சென்றது. கோப்பை கிடைத்தது. அதைக் கொண்டாட ஊர்த்தெருவில் நடந்த விருந்துக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. வேறொரு வழக்கின் பொருட்டு நாம் அங்குச் சென்றிருந்தபோது பேச்சோடு பேச்சாக அவர் இதைச் சொன்னார். புகார் கொடுக்க இதில் ஒன்றுமில்லையே என்றும் சேர்த்துச் சொன்னார். சட்டம் படித்த நமக்கு அதை மறுக்க வழியில்லை. ஒருவரை விருந்துக்கு அழைக்காமல் விட்டது குற்றமென்று எந்தப் பிரிவும் கூறவில்லை. தமக்கு முன் வேறு யாருக்காவது இப்படி நேர்ந்ததுண்டா என்று அவர் கேட்டதற்குப் பதிலாகச் சொல்லத் தொடங்கிய வரலாறுதான் இது. அன்று டீக்கடை வாசலில் அரைமணி நேரத்தில் சொல்லி முடித்ததை இங்கே சற்று விரித்து எழுதுகிறோம்.

பல்வங்கர் பாலு 1876ஆம் ஆண்டு மார்ச் 19 அன்று தார்வாடில் பிறந்தார். குடும்பம் சமார் சாதியைச் சேர்ந்தது. தோலைப் பதப்படுத்துவதும் செருப்புத் தைப்பதும் அச்சாதியின் மேல் சுமத்தப்பட்ட தொழில்கள். தந்தை ராணுவத்தைச் சார்ந்த வேலையில் இருந்ததால் பிள்ளைகள் பூனாவில் வளர்ந்தார்கள். இதைத் தற்செயல் என்று கடந்துவிட முடியாது. ஊருக்கும் சேரிக்கும் இடையிலான கோடு சற்றே மங்கிய இடங்களில் ஒன்று அக்காலத்துக் கண்டோன்மெண்ட். அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சுபேதாராக இருந்ததும், 1891இல் அண்ணல் பிறந்ததும் மஹௌ ராணுவ முகாமில்தான். மதராஸ் படையில் சேர்ந்த பறையர் குடும்பங்கள் பலவற்றுக்கும் முதல் எழுத்தும் முதல் சம்பளமும் அங்கிருந்தே கிடைத்தன. பாலுவுக்கும் அவருடைய தம்பி சிவராமுக்கும் அங்குக் கிடைத்தது, வெள்ளை அதிகாரிகள் வேண்டாமென்று வீசிய மட்டையும் பந்தும்.

அவருடைய முதல் வேலை, பார்சிகள் நடத்திய ஒரு கிரிக்கெட் கிளப்பில் ஆடுகளத்தைக் கூட்டிப் பெருக்குவது. சம்பளம் மாதம் மூன்று ரூபாய். 1892 வாக்கில் ஐரோப்பியர்களின் பூனா ஜிம்கானாவுக்கு மாறினார். அங்கே நான்கு ரூபாய். தரையை உருளையால் சமன்செய்வது, சுண்ணாம்புக் கோடு போடுவது, பயிற்சிக்கு வலை கட்டுவது ஆகியவை அவருடைய பணிகள். உறுப்பினர்கள் பயிற்சிக்கு வரும்போது அவர்களுக்குப் பந்து வீசுவதும் அதில் சேர்ந்தது. அவர் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர்.

ஜே. ஜி. கிரெய்க் என்ற ஆங்கிலேய அதிகாரி அன்றைய ஐரோப்பிய அணியின் முதன்மையான மட்டையாளர். பிறர் வருவதற்கு வெகுமுன்பே அவர் மைதானத்துக்கு வந்துவிடுவார். பாலு அவருக்கு மணிக்கணக்கில் பந்து வீசுவார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் கிரெய்க் எட்டணா கொடுப்பார் என்றொரு கதை உண்டு. கதை எப்படியிருந்தாலும், கிரெய்க் குவித்த ஓட்டங்களுக்குப் பின்னால் பாலுவின் தோள் இருந்தது என்பதில் ஐயமில்லை. இன்று அந்த வேலையைச் செய்பவரைப் பயிற்சியாளர் என்று அழைத்து, அணியின் புகைப்படத்தில் நாற்காலி போட்டு உட்கார வைப்போம். பாலு மைதானப் பணியாளர், அவ்வளவுதான். அத்தனை ஆண்டுகளிலும் அந்த வலைக்குள் ஒருமுறையாவது மட்டையைப் பிடிக்க அவருக்கு வாய்ப்புக் கொடுக்கப்படவில்லை. நம் பக்கத்து மொழியில் சொன்னால், பந்து வீசுவது கூலி வேலை. மட்டை பிடிப்பது மிராசு.

பூனாவில் இந்துக்களுக்கென்று ஒரு கிளப் இருந்தது. ஐரோப்பியர்களின் ஜிம்கானாவை வெல்ல வேண்டுமென்பது அதன் கனவு. அந்த ஐரோப்பியர்களுக்கே பந்து வீசிப் பழகிய ஒருவர் அதே நகரில் இருக்கிறார். ஆனால் அவர் தீண்டத்தகாதவர். கிளப்புக்குள் நீண்ட வாக்குவாதம் நடந்தது. தெலுங்கு உறுப்பினர்கள் அவரைச் சேர்க்கலாம் என்றார்கள். உள்ளூர்ப் பிராமணர்கள் தயங்கினார்கள். இப்படியொரு வீரரைச் சேர்க்காமல் விடுவது மடமை என்று கிரெய்க் வெளிப்படையாகக் கருத்துச் சொன்ன பிறகு பாலு சேர்க்கப்பட்டார். பாலுவுக்கு எதிராக ஆட வேண்டும் என்ற ஆசையே கிரெய்க்கைப் பேச வைத்திருக்கலாம்.

சேர்த்துக்கொண்ட விதத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும். மைதானத்துக்குள் பதினோரு பேரும் ஒரே பந்தைத் தொட்டார்கள். தேநீர் இடைவேளை வந்ததும் மற்றவர்கள் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பையில் குடிக்க, பாலுவுக்கு வெளியே மண்குவளையில் தேநீர் வந்தது. குடித்தபின் அதைத் தூக்கியெறிந்துவிட வேண்டும். மதிய உணவுக்குத் தனித்தட்டு, தனியிடம். முகம் கழுவ வேண்டுமென்றால் மைதானத்தின் ஒரு மூலையில் தீண்டப்படாத சாதியைச் சேர்ந்த பணியாள் ஒருவர் தண்ணீர் ஊற்றுவார்.

தீட்டின் தர்க்கத்தை அதன் போக்கிலேயே எடுத்துக்கொண்டு பார்த்தால்கூட இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கிரிக்கெட் பந்து தோலால் ஆனது. செத்த மாட்டின் தோல். சமார்களைத் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கச் சொல்லப்பட்ட காரணமே அவர்கள் அந்தத் தோலைத் தொடுகிறார்கள் என்பதுதான். அதே தோலை, அதுவும் ஒரு சமார் வீசி முடித்த தோலை, பூனாப் பிராமணர்கள் கையில் வாங்கினார்கள்; கால்சட்டையில் தேய்த்து மெருகேற்றினார்கள்; கேட்ச் பிடித்து மகிழ்ந்தார்கள். தோலுக்கு அன்று தீட்டு இல்லை. மண்ணால் செய்த குவளைக்கு இருந்தது. ஆதாயம் கிடைக்கும் இடத்தில் தீட்டு விலகிக்கொள்ளும் என்பது நம் வயல்களில் நாற்று நடுகிறவர்களுக்கும் களத்துமேட்டில் நெல் தூற்றுகிறவர்களுக்கும் தெரிந்த பழைய செய்திதான்.

பாலு ஆடத் தொடங்கியதும் பூனா இந்துக்கள் ஐரோப்பியர்களை வென்றார்கள். சதாராவில் வெள்ளையர் கிளப்புக்கு எதிரான ஆட்டத்தில், அவருடைய சுழல் எடுபடக்கூடாது என்று ஆடுகளத்தை நாள்கணக்கில் உருட்டி இறுக்கி வைத்திருந்தார்கள். அவர் ஏழு விக்கெட்டுகளை எடுத்தார். ஊர் திரும்புமுன் யானை மீது ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். பூனாவில் மகாதேவ கோவிந்த ரானடே பொதுக்கூட்டத்தில் மாலை அணிவித்தார். சேர்ந்து ஆட முடிந்தவர்களால் சேர்ந்து உண்ண ஏன் முடியவில்லை என்று தம் சாதியாரை ரானடே அப்போது கேட்டதாகச் சொல்வார்கள். யானை மீது ஏறிய மனிதர் அடுத்த ஆட்டத்தில் மறுபடியும் பெவிலியனுக்கு வெளியேதான் நின்றிருப்பார் என்று நினைக்கும்போது, மாலைகளைப் பற்றி நமக்கு அதிக உற்சாகம் வருவதில்லை.

1890களின் பிற்பகுதியில் அவர் மும்பைக்குப் பெயர்ந்தார். ரயில்வேயில் வேலை; பரமானந்ததாஸ் ஜீவன்தாஸ் இந்து ஜிம்கானாவில் ஆட்டம். இங்கும் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்து, பிறகு தணிந்தது. மும்பையில் ஒன்று மாறியது. சக ஆட்டக்காரர்கள் பாலுவோடும் சிவராமோடும் ஒன்றாக அமர்ந்து உண்டார்கள்.

1906 பிப்ரவரியில் மும்பையில் இந்துக்கள் அணி ஐரோப்பியர் அணியை 109 ரன் வித்தியாசத்தில் வென்றது. வங்கத்தில் சுதேசி இயக்கம் கொதித்துக்கொண்டிருந்த காலம்; முந்தைய ஆண்டுதான் ஜப்பான் ரஷ்யாவை வீழ்த்தியிருந்தது. ஆளும் வெள்ளையரை அவர்களுடைய ஆட்டத்திலேயே வீழ்த்தியதை நாடு கொண்டாடியது. அந்த வெற்றியில் பாலுவின் பந்துவீச்சுக்குப் பெரும் பங்கு இருந்தது. அடுத்த ஆண்டும் இந்துக்களே வென்றார்கள்.

அன்றைய மும்பைப் போட்டிகளின் அமைப்பை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அணிகள் மதவாரியாகப் பிரிந்திருந்தன. முதலில் ஐரோப்பியர், பார்சிகள். 1907இல் இந்துக்கள் சேர முத்தரப்புப் போட்டி. 1912இல் முஸ்லிம்கள் சேர நாற்தரப்புப் போட்டி. அதே ஆண்டுகளில்தான் அரசியலும் தலைகளை எண்ணத் தொடங்கியது. 1909இல் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி வந்தது. 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி, கோயிலுக்குள் விடப்படாதவர்களையும் பிராமணப் புரோகிதம் மறுக்கப்பட்டவர்களையும் இந்துக்கள் என்று எப்படி எழுதுவது என்ற கேள்வியை ஆணையர் கெய்ட் எழுப்பினார். அதுவரை அவர்களைத் தொட மறுத்தவர்கள் அப்போதுதான் பதறி, அவர்களும் இந்துக்களே என்று சொந்தம் கொண்டாடினார்கள். மைதானத்தில் அதற்கு முன்பே பாலு இந்துவாகிவிட்டிருந்தார். விக்கெட் எடுக்கும் கைக்கு மதம் உடனே கிடைத்துவிட்டது.

1911இல் இந்தியாவிலிருந்து ஒரு கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்குச் சென்றது. தலைவர், பத்தொன்பது வயதான பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு விழாக் கோடையாதலால் மன்னருக்கு விருந்துகளே அதிகம். மிகச் சில ஆட்டங்களில்தான் அவர் களமிறங்கினார். 23 ஆட்டங்களில் அணி 15இல் தோற்றது, 6இல் மட்டுமே வென்றது. முப்பத்தைந்து வயதான பாலு ஓய்வின்றிப் பந்து வீசி 114 விக்கெட்டுகளை எடுத்தார்; சராசரி 18.84. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 103 ரன்களுக்கு 8 விக்கெட்டுகள். லெஸ்டர்ஷையரையும் சோமர்செட்டையும் அணி வென்றபோது பல்வங்கர் சகோதரர்களின் பங்கு பெரிது. சோமர்செட்டுடனான ஆட்டத்தில் சிவராம் சதமடித்தார். தோற்றுத் திரும்பிய ஓர் அணியில் ஒருவர் மட்டும் உலகத்தரம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். முதல்தர ஆட்டங்களில் அவருடைய வாழ்நாள் கணக்கு 33 ஆட்டங்கள், 179 விக்கெட்டுகள், சராசரி 15.21. இந்த எண்களை நாம் விரும்பி எழுதுகிறோம். தகுதி, திறமை என்று நம் பிள்ளைகளிடம் பேசுகிறவர்களுக்கு எண்களின் மொழி புரியும்.

அவர் மும்பை திரும்பியபோது ஒடுக்கப்பட்ட மக்கள் பாராட்டு விழா எடுத்தார்கள். அவ்விழாவின் வரவேற்பு மடலை எழுதியவர் அப்போது எல்பின்ஸ்டன் கல்லூரி மாணவராக இருந்த பீமராவ் அம்பேத்கர் என்று வரலாற்றாசிரியர் இராமச்சந்திர குஹா பதிவு செய்திருக்கிறார். அண்ணலின் பொதுவாழ்க்கையின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்று ஒரு கிரிக்கெட் வீரருக்கான பாராட்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். 1911இல், தீண்டப்படாத சமூகத்திலிருந்து நாடறிந்த ஒரு பெயரைச் சொல்ல வேண்டுமென்றால் வேறு யாரைச் சொல்லியிருக்க முடியும்?

இனி, தலைமைப் பதவியின் கதைக்கு வருவோம்.

பாலுவைவிட அனுபவத்திலும் ஆட்டத்திலும் மூத்தவர் இந்து அணியில் யாருமில்லை. ஆனால் ஆண்டுதோறும் தலைவராக அறிவிக்கப்பட்டவர் எம். டி. பாய் என்ற பிராமணர். பாயைப் பற்றிக் குறைசொல்ல நமக்கு ஒன்றுமில்லை. 1913இல் அவருக்கு நடந்த பாராட்டில், இந்தப் பெருமை மூத்தவரான பாலுவுக்கே உரியது என்று அவரே எழுந்து சொன்னார். தனிமனிதர் நல்லவராக இருந்தார்; தேர்வுக்குழு தன் வழியில் போனது. இதை நாம் நீதிமன்றங்களிலும் அலுவலகங்களிலும் அடிக்கடி காண்கிறோம்.

1920இல் இது வெடித்தது. பாலுவுக்கு அப்போது வயது நாற்பத்து நான்கு. முதல் ஆட்டத்துக்கான அணியிலிருந்து அவரை நீக்கினார்கள். பாய் உடல்நலமின்றி இருந்ததால் புதுத் தலைவர் தேவைப்பட்டார். சிவராமும் விட்டலும் அணியில் இருந்தார்கள். இருவருமே மூத்த வீரர்கள். தேர்வுக்குழுவோ பாலுவைவிடப் பதினாறு வயது இளையவரான டி. பி. தேவ்தரைத் தலைவராக அறிவித்தது. தேவ்தர் பூனாப் பிராமணர், கல்லூரிப் பேராசிரியர். சகோதரர்கள் இருவரும் அணியிலிருந்து வெளியேறினார்கள். அத்துடன் நிற்காமல், தங்கள் முடிவுக்கான காரணத்தைப் பத்திரிகை வழியே பொதுமக்களுக்குத் தெரிவித்தார்கள். தங்களைவிட அனுபவம் குறைந்தவர் தலைவராக்கப்பட்டதற்குச் சாதியைத் தவிர வேறு காரணமில்லை என்பதே அந்த அறிக்கையின் சாரம். 1920இல், அதுவும் தங்களை ஆடவிட்டதே பெருந்தன்மை என்று நினைத்தவர்கள் முன்னால், இதை எழுத்தில் வைப்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அம்பேத்கர் மூக்நாயக் இதழைத் தொடங்கியதும் அதே 1920இல்தான்.

ஊரில் பேச்சு பெருகியது. பார்சிகளுடனான இறுதி ஆட்டத்துக்கு முன்பு சமரசம் ஏற்பட்டது. குணமடைந்த பாய் தலைவர், பாலு மீண்டும் அணியில், துணைத் தலைவராக, சகோதரர்களும் திரும்பினார்கள். ஆட்டத்தின் நடுவே பாய் களத்தைவிட்டு வெளியேறி நிற்க, சிறிது நேரம் பாலு அணியை வழிநடத்தினார். பாய் வேண்டுமென்றே அப்படிச் செய்தார். அந்தச் சிறிது நேரம்தான் பாலுவுக்குக் கிடைத்த தலைமை. துணைத் தலைவர் என்ற சொல் நமக்குப் பழக்கமானது. அதிகாரம் கேட்டவனுக்கு அதன் பக்கத்து நாற்காலியைக் கொடுத்து உட்கார வைக்கும் கலையை இந்தத் தேசம் எப்போதோ கற்றுத் தேர்ந்துவிட்டது.

1923இல் தம்பி விட்டல் இந்து அணியின் தலைவராக்கப்பட்டார். அவ்வாண்டே ஐரோப்பியர்களை வென்று கோப்பையைக் கைப்பற்றினார். சாதி இந்துக்கள் அவரைத் தோளில் சுமந்து ஆடினார்கள். 1925, 1926 ஆண்டுகளிலும் கோப்பை அவர் தலைமையில் வந்தது. தலைமை ஏற்கத் தகுதியில்லை என்று அண்ணனிடம் முப்பதாண்டுகளாகச் சொல்லாமல் சொன்னதற்கு வேறு பதில் தேவைப்படவில்லை. விட்டல் பின்னாளில் மராத்தியில் தன்வரலாறு எழுதினார். இக்குடும்பத்தைப் பற்றி இன்று நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி அந்நூலின் கொடை. நம்மவர்கள் எழுதி வைக்க வேண்டும் என்று நாம் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

தலைவராகும் உரிமை சாதியால் மறுக்கப்பட்ட ஒருவர், தேர்தல் அரசியலில் எந்தப் பக்கம் நிற்பார் என்று எதிர்பார்ப்போம்? பாலு நாம் எதிர்பார்க்கும் பக்கம் நிற்கவில்லை.

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் வகுப்புவாரித் தீர்ப்பை அறிவித்தார். ஒடுக்கப்பட்டோருக்கு மாகாணச் சட்டமன்றங்களில் 71 இடங்கள். அவற்றின் உறுப்பினர்களை ஒடுக்கப்பட்டோர் மட்டுமே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். வட்டமேசை மாநாடுகளில் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் போராடிப் பெற்ற உரிமை அது. அதை எதிர்த்துப் பூனாவின் எரவாடா சிறையில் காந்தி செப்டம்பர் 20 அன்று உண்ணாவிரதம் தொடங்கினார். 24ஆம் தேதி உடன்படிக்கை கையெழுத்தானது. தனி வாக்காளர் தொகுதி போயிற்று. கூட்டுத் தொகுதியில் 148 ஒதுக்கீட்டு இடங்கள் வந்தன. கையெழுத்திட்டவர்களின் பட்டியலில் அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன், எம். சி. ராஜா ஆகியோருடன் பி. பாலு என்ற பெயரும் இருக்கிறது. முதன்முதலில் அதைப் படித்தபோது, அவரும் யாரோ ஒரு தமிழர் என்றே நினைத்தோம். நாற்பதாண்டுகளுக்கு முன் அதே பூனாவில் மாதம் நான்கு ரூபாய்க்கு உருளை இழுத்தவர் அவர்.

பாலு அந்தப் பட்டியலில் அம்பேத்கரின் அணியாக இல்லை. ராஜாவோடு சேர்ந்து அவர் கூட்டுத் தொகுதியை ஆதரித்தார். அதே ஆண்டின் தொடக்கத்தில் ராஜா இந்து மகாசபையின் மூஞ்சேவுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழி அது. பாலுவின் நியாயத்தை அவருடைய வாழ்க்கையிலிருந்தே நம்மால் ஊகிக்க முடிகிறது. அவருடைய அனுபவத்தில் சாதி இந்துக்கள் மாறியிருந்தார்கள். மண்குவளை போய் ஒரே மேசை வந்தது. அண்ணனுக்கு மறுத்த தலைமை தம்பிக்கு வந்தது. காத்திருந்தால், சேர்ந்து ஆடினால், கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும் என்பதற்கு அவருடைய குடும்பமே சான்றாக இருந்தது. காந்தியின் மேல் அவருக்கு உண்மையான பற்றும் இருந்தது.

அந்தச் சான்றை நாம் வேறு விதமாக வாசிக்கிறோம். தேர்வுக்குழு முழுவதும் அவர்கள் கையில் இருந்தவரை, ஒவ்வொரு முறையும் கிடைத்தது அவர்கள் மனமிரங்கிக் கொடுத்ததுதான். 1920இல் சகோதரர்கள் வெளியேறியதற்குப் பிறகே துணைத் தலைவர் பதவி வந்தது. காத்திருந்த ஆண்டுகளில் வரவில்லை. தனி வாக்காளர் தொகுதி என்பதன் பொருள், நம் தலைவரை நாமே தேர்ந்தெடுக்கும் தேர்வுக்குழு. கூட்டுத் தொகுதியில் வேட்பாளர் நம்மவராக இருப்பார். அவரை வெல்ல வைப்பதும் வீழ்த்துவதும் ஊரின் கையில் இருக்கும். புதுச்சேரிச் சட்டமன்றத்தின் 30 தொகுதிகளில் தனித்தொகுதிகள் ஐந்து. அவை நிற்பது அந்த உடன்படிக்கை போட்ட அடித்தளத்தின் மேல்தான். கொம்யூன் பஞ்சாயத்துகளின் நிலை இன்னும் மோசம். 2006க்குப் பிறகு இதை எழுதும்வரை இங்கே உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. வில்லியனூரிலும் பாகூரிலும் ஒதுக்கீட்டு இடத்துக்கான நாற்காலிகூடக் காலி.

ராஜா பின்னாளில் தம் நிலைப்பாட்டை நினைத்து வருந்தினார். 1938இல் மதராஸ் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த ஆலய நுழைவு மசோதாவைக் காங்கிரஸ் அரசே கைவிட்டது. அதன்பின் அவர் அம்பேத்கரை நெருங்கி வந்தார். பாலு அப்படித் திரும்பியதாகத் தெரியவில்லை. 1933இல் இந்து மகாசபை சார்பில் மும்பை மாநகராட்சித் தேர்தலில் நின்று தோற்றார். 1935இல் இயோலாவில் தாம் இந்துவாகச் சாகப்போவதில்லை என அம்பேத்கர் அறிவித்தபோது, மதம் மாறுவது தற்கொலைக்கு ஒப்பானது என்றார். 1937 சட்டமன்றத் தேர்தலில், மும்பை நகரின் ஒதுக்கீட்டுத் தொகுதியில் அம்பேத்கரை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்திய வேட்பாளர் பல்வங்கர் பாலு. இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் தமக்கு வரவேற்பு மடல் எழுதிய மாணவருக்கு எதிராக அவர் நின்றார். அம்பேத்கர் 13,245 வாக்குகள், பாலு 11,225. வித்தியாசம் 2,020.

சில தோழர்கள் பாலுவின் பெயரைச் சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். காங்கிரசின் கைக்கருவி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அதை நம்மால் ஏற்க முடியவில்லை. காங்கிரஸ் அவரைப் பயன்படுத்தியது உண்மை. பூனா இந்து கிளப் பயன்படுத்தியதைப் போலவே பயன்படுத்தியது. வெல்ல முடியாத எதிராளி ஒருவர் இருந்தார், அவரை வீழ்த்த வல்லவர் சேரியில்தான் இருந்தார், அழைத்தார்கள். ஆனால் அவர் 179 விக்கெட்டுகளை யாருடைய கருவியாகவும் எடுக்கவில்லை. அரசியலில் தவறான பக்கம் நின்ற ஒரு மூத்தவரை, அவர் திறந்துவிட்ட கதவையும் சேர்த்து நினைவில் வைக்க நம் இயக்கத்துக்கு இடமிருக்க வேண்டும். அண்ணலே அவருக்குப் பாராட்டு எழுதியவர்தான்.

கிரிக்கெட் வரலாறு அவரை எப்படி வைத்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடலாம். இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை லார்ட்ஸில் ஆடியது 1932 ஜூனில், பூனா உடன்படிக்கைக்கு மூன்று மாதங்களுக்கு முன். பாலுவுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. டெஸ்ட் ஆடாதவர்களைப் புள்ளிவிவரப் புத்தகங்கள் எளிதாக மறந்துவிடும். தேவ்தரும் டெஸ்ட் ஆடவில்லை. அவர் பெயரில் கிரிக்கெட் வாரியம் கோப்பை நடத்தியது.

பல்வங்கர் பாலு 1955ஆம் ஆண்டு ஜூலை 4 அன்று மும்பையில் காலமானார். அதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பு, ஜூன் 1 அன்று, தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. பிற்காலத்தில் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றப்பட்ட சட்டம் அது. பொது உணவகங்களிலும் விடுதிகளிலும் மக்கள் பயன்பாட்டுக்கு வைத்திருக்கும் பாத்திரத்தைச் சாதியின் பெயரால் ஒருவருக்கு மறுப்பது அதன் நான்காம் பிரிவின்படி குற்றம். பூனா ஜிம்கானாக்களின் பெவிலியன் அப்பிரிவுக்குள் வருமா, அது தனியார் மன்றம்தானே என்று வாதாட ஒரு வழக்கறிஞர் நிச்சயம் கிடைத்திருப்பார். நம் வழக்குகளில் இன்றும் கிடைக்கிறார்கள். பாலு இறந்தபோது புதுச்சேரி நடைமுறையில் இந்தியாவின் கைக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. சட்டப்படி அது இன்னும் பிரான்சுக்கே சொந்தம். அந்தச் சட்டம் வில்லியனூருக்கும் பாகூருக்கும் வந்து சேர்ந்தது 1963இல்.